முன்கட்டில் கசிவு, பின்கட்டில் சிக்கல்! தெரியுமா?

இறால் எதன் வழியாக ஒன்றுக்குப் போகும், தெரியுமா? முகத்தின் வழியாக! நம்ப முடியவில்லையா? அதன் நீண்ட மீசைகள் தலையில் முளைக்கிற இடம் இருக்கிறதே, அந்த அடியில்தான் சிறுநீர்த் துளைகள். சிறுநீரகம் மாதிரி வேலை செய்கிற சுரப்பியும் தலைக்குள்ளேயே. மலம் மட்டும் வால் முனையில். இறால் உரிக்கிறவர்கள் முதுகைக் கீறி ஒரு கறுப்பு நூலை உருவிப் போடுகிறார்கள் இல்லையா? 'நரம்பு' என்று நாம் சொல்கிற அது நரம்பே இல்லை, குடல்! அதில் தெரிகிற கறுப்பு, அந்த இறால் கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாடு. தலையில் ஒரு வாசல், வாலில் ஒரு வாசல், நடுவே முழு உடம்பும் இடைவெளி. பின்னால் அடைத்துக்கொண்டால் முன்னால் கசியும் என்ற பேச்சே இறால் குலத்தில் கிடையாது.

மனுஷிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்த யோசனை எனக்கு வந்ததே பழவேற்காட்டில் இறால் வாங்கிக்கொண்டு நின்றபோதுதான். உரித்துக் கொடுத்த அக்காவுக்கு அறுபதை ஒட்டிய வயது இருக்கும். விரல் நகம்தான் கத்தி. ஒரு கிள்ளு, தலை போச்சு; ஒரு இழுப்பு, ஓடு போச்சு. திடீரென்று ஒரு தும்மல் வந்தது அவருக்கு. கையில் இருந்த இறாலை அப்படியே போட்டுவிட்டு, முழங்கால் இரண்டையும் இறுக்கி ஒட்டிக்கொண்டு, குனிந்து தும்மினார். பிறகு சுற்றுமுற்றும் ஒரு பார்வை.

"இன்னாக்கா, சளியா?"

"சளி இல்ல பாப்பா. தும்முனா ஒன்னுக்கு வந்துடுது. நாலு பெத்த ஒடம்பு, அப்டித்தான்."

"வெளிக்கு ஒழுங்கா போறீங்களாக்கா?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் முன்னாடி சொன்னா நீ பின்னாடி கேக்குற! அது மூணு நாளிக்கு ஒரு தபா."

சிரிப்பு அவருடையது, ஆனால் கேள்வி மருத்துவர்களுடையது. சிறுநீர் கசிகிறது என்று போய் உட்காருகிற பெண்ணிடம் கேட்கப்படும் முதல் சில கேள்விகளில் இதுவும் ஒன்று, தெரியுமா? பல பேருக்கு வைத்தியம் தொடங்குவதே பின்கட்டில்தான்.

சரி, இறாலுக்கு நேர் எதிர்க் கோடியைப் பார்க்கலாமா? தலையைத் தூக்கி ஏரிப் பக்கம் திரும்புங்கள். சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பனிக்காலத்தில் இங்கே கூட்டம் கூட்டமாக நிற்கிற பூநாரைகளைப் பார்க்கக் காரில் வந்து இறங்குகிற யாருக்கும் இது தெரியாது: பூநாரைக்கு மலம், சிறுநீர், முட்டை மூன்றுக்கும் ஒரே வாசல்! அதைவிட ஆச்சரியம், அதற்கு மூத்திரப்பையே கிடையாது. பறவை எச்சத்தில் வெள்ளையாக இருக்கிறதே, உங்கள் கார் கண்ணாடியில் விழுந்து மானத்தை வாங்குகிறதே, அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். தண்ணீரைச் சுமந்துகொண்டு பறக்க முடியாது என்பதால் கெட்டியாக்கி அனுப்பிவிடுகிறது. பையே இல்லாதவர்களுக்குக் கசிவு ஏது!

இப்போது கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தாயின் வயிற்றில் முதல் சில வாரங்கள் நாமும் பூநாரைதான்! கருவில் சிறுநீருக்கும் மலத்துக்கும் முதலில் ஒரே அறைதான் உண்டாகிறது. மருத்துவர்கள் அதற்கு வைத்த பெயர் 'க்ளோயேக்கா'. லத்தீனில் சாக்கடை என்று அர்த்தம். பழைய ரோம் நகரத்தின் பெரிய சாக்கடைக்கும் இதே பெயர்தான். ஏழாவது வாரத்துக்குள் நடுவில் ஒரு சுவர் இறங்கி அந்த அறையை இரண்டாகப் பிரிக்கிறது. முன்கட்டு சிறுநீருக்கு, பின்கட்டு மலத்துக்கு. பெண் குழந்தைக்கு இரண்டுக்கும் இடையில் கருப்பையும் பிறப்புப் பாதையும் வந்து உட்காருகின்றன. அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீட்டைப் பார்த்திருப்பீர்களே, வாசல் தனித்தனி, ஆனால் கரண்ட் கனெக்‌ஷன் ஒன்று. இங்கேயும் அப்படியேதான். முதுகுத்தண்டின் அடியில், இடுப்புக்குக் கீழே இருக்கிற திரிக எலும்பின் இரண்டு, மூன்று, நான்காம் துளைகள் வழியாக வருகிற நரம்புகள்தான் மூத்திரப்பையையும் மலக்குடலையும் சேர்த்து ஆள்கின்றன. ஒரு வீட்டில் மிக்ஸி போட்டால் அடுத்த வீட்டில் விளக்கு மங்காமல் என்ன செய்யும்?

ஆய்வகத்திலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். மலக்குடலுக்குள் சின்ன பலூனை வைத்து ஊதினால், மூத்திரப்பை நிறைவதற்கு வெகு முன்பே 'வந்துவிட்டது' என்ற உணர்வு வந்துவிடுகிறது. இத்தனைக்கும் மூத்திரப்பையை யாரும் தொடக்கூட இல்லை!

பலூனுக்குப் பதிலாக மூன்று நாள் மலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலக்குடல் என்பது உண்மையில் கிடங்கு இல்லை, தெரியுமா? 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு வராந்தா அது. சரக்கு வந்தால் மணி அடித்து உடனே வெளியே அனுப்ப வேண்டும், மற்ற நேரம் காலியாகக் கிடக்க வேண்டும். 'அப்புறம் போகலாம்' என்று அடக்கினால் மணி ஓய்ந்துவிடும். சரக்கு வராந்தாவிலேயே தங்கும். பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவது. தினமும் ஒன்றரை லிட்டர் அளவுக்குத் திரவம் பெருங்குடலுக்குள் வருகிறது. மலத்தோடு வெளியேறுவது ஒரு டம்ளர்கூட இல்லை. தங்கத் தங்க உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்ச இறுகும், இறுக இறுக வெளியே வராது. நாளாக ஆக மலக்குடல் பை மாதிரி விரிந்து, மணி அடிக்கிற உணர்வையே இழந்துவிடும். இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இருக்கிற இடமோ கொஞ்சம்தான். பின்கட்டில் மூட்டை அடுக்கினால் முன்கட்டில் இருப்பவருக்குக் காலை நீட்ட இடம் இருக்காது. 300, 400 மில்லி தாங்கவேண்டிய மூத்திரப்பை பாதியிலேயே அவசரப்படுத்தும். சில முதியவர்களுக்கு அடைப்பு முற்றிப்போய்ச் சிறுநீர் முழுதாக வெளியேறாமல், தேங்கி, நிரம்பி வழியவும் செய்யும்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கப் பாடப்புத்தகமே தேவையில்லை. ஏரியின் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அடைப்பு ஒரு மூலையில், அவதி ஏரி முழுக்க. முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி அந்தக் கிராமங்கள் எத்தனை மனு கொடுத்திருக்கின்றன! உடம்புக்குள் இருக்கிற முகத்துவாரத்துக்கு மட்டும் நாம் மனுவே போடுவதில்லை.

மருத்துவ உலகம் இந்த முடிச்சைப் பெரியவர்களிடம் கண்டுபிடிக்கவில்லை என்பது தெரியுமா? பாயை நனைக்கிற குழந்தைகளிடம்தான் அது பளிச்சென்று தெரிந்தது! 1980-களில் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் ஷான் ஓரீகன் என்ற குழந்தைகள் சிறுநீரக மருத்துவர், படுக்கையை நனைக்கும் பிள்ளைகளின் மலக்குடலைச் சோதித்துப் பார்த்தார். அவர் இதில் இறங்கக் காரணம், அவருடைய சொந்த மகனே படுக்கையை நனைத்துக்கொண்டிருந்ததுதான்! மலச்சிக்கலைத் தீர்த்தபோது ஏராளமான குழந்தைகளின் பாய் காய்ந்தது. அடுத்து 1997-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வேரா லோனிங்-பாக்கே என்ற மருத்துவர் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 234 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 29 சதவீதம் பேருக்குப் பகலில் கசிவு, 34 சதவீதம் பேருக்கு இரவில். சிக்கல் தீர்ந்த குழந்தைகளில் பகல் கசிவு 89 சதவீதம் பேருக்கும், இரவுக் கசிவு 63 சதவீதம் பேருக்கும் நின்றேபோனது! மூத்திரப்பைக்கு மருந்து கொடுத்து அல்ல, குடலைக் காலி செய்து. பாயை நனைக்கிற பிள்ளையை இரவு எட்டு மணிக்குமேல் தண்ணீர் குடிக்காதே என்று மிரட்டிய, அடுத்த வீட்டுப் பிள்ளைகள் முன்னால் மானத்தை வாங்கிய அத்தனை வீடுகளுக்கும் இதைப் படித்துக் காட்ட வேண்டும்.

பெரியவர்களுக்குக் காரணங்கள் கூடுதல். பிரசவம், மாதவிடாய் நிற்பது, உடல் எடை, ஓயாத இருமல், சர்க்கரை நோய், எல்லாம் சேர்ந்துகொள்ளும். பிரசவத்தைப் பற்றி ஒன்று: குழந்தையின் தலை வெளிவரும்போது இடுப்புத்தளத் தசையின் ஒரு பகுதி தன் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் நீள்கிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகம் கணினியில் போட்டுக் காட்டியிருக்கிறது. உடம்பின் வேறு எந்தத் தசையையாவது இப்படி இழுத்தால் கிழிந்துதான் போகும்! ஆகவே அக்கா சொன்ன 'நாலு பெத்த ஒடம்பு' பொய்யில்லை. ஆனால் அதோடு கதை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதுதான் தப்பு. பெற்றதை மாற்ற முடியாது. மூன்று நாளைக்கு ஒரு தடவை என்பதை மாற்றலாமே!

இந்த இடுப்புத்தளம் என்பது என்ன? முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி மாதிரி கட்டித் தொங்குகிற தசை விரிப்பு. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அந்தத் தூளியில்தான் படுத்திருக்கின்றன. அதில் ஒரு தசை இருக்கிறது பாருங்கள், படகைத் தறியில் கட்டுகிற கயிறு மாதிரி மலக்குடலைப் பின்புறமாகச் சுற்றி வளைத்து முன்னால் இழுத்துக் கட்டியிருக்கிறது! தோட்டத்துக் குழாயை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நிற்குமே, அதே தந்திரம். நிற்கும்போதும் உட்காரும்போதும் அந்த மடிப்பு இருக்கும். குந்தினால்? கயிறு தளரும், குழாய் நேராகும். இஸ்ரேலில் டோவ் சிக்கிரோவ் என்பவர் 28 பேரைக் கடிகாரத்தோடு கழிவறைக்கு அனுப்பி 2003-ல் வெளியிட்ட கணக்கு இது: குந்தி உட்கார்ந்தபோது சராசரி 51 விநாடி, வழக்கமான கோப்பையில் 130 விநாடி! முக்கலும் குறைவு. நம் பாட்டிமார் கடிகாரம் இல்லாமலே தெரிந்து வைத்திருந்தது. முழங்கால் வலிக்காக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துக்கொண்டவர்கள் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொண்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் பாதிப் பலனாவது கிடைக்கும். செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

முக்குவதுதான் வில்லன். மூச்சைப் பிடித்து முக்குகிற ஒவ்வொரு முறையும் வயிற்றின் மொத்த அழுத்தமும் அந்தத் தூளிமேல் இறங்குகிறது. தினம் தினம், வருஷக்கணக்கில் முக்கினால் தூளி தொய்யும், தசைக்குப் போகிற நரம்பும் இழுபடும். 'அடி இறங்கிடுச்சு' என்று கிராமத்தில் காதோடு காதாகச் சொல்கிறார்களே, கருப்பை இறக்கம், அதற்கும் இந்த முக்கலுக்கும் உறவு உண்டு. தளர்ந்த தூளியால் தும்மலைத் தாங்க முடியாது. ஒரு சொட்டு முந்திக்கொள்ளும். அந்த ஒரு சொட்டுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் மலம் இன்னும் இறுகும், இன்னும் முக்க வேண்டிவரும். குறைந்த தண்ணீரில் சிறுநீர் அடர்ந்து மூத்திரப்பையை உறுத்தி அவசரத்தையும் கூட்டும். சிக்கெடுக்கத் தெரியாதவன் கையில் வலை மாட்டிய மாதிரிதான். எந்த இழையை இழுத்தாலும் முடிச்சு இறுகும். மலச்'சிக்கல்' என்று பெயர் வைத்தவர் கடலோரக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் சொந்த ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள்.

எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து பழவேற்காடு வரை, கையாலேயே இறால் பிடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் இருளர் சமூகத்துப் பெண்கள். வலை கிடையாது, படகு கிடையாது. பனையோலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு மார்பளவுத் தண்ணீரில் குந்தியும் தவழ்ந்தும் மணிக்கணக்கில் நகர்கிறார்கள். இரண்டு கையும் சேற்றைத் துழாவிக்கொண்டே இருக்கும். தண்ணீருக்குள் இருந்தால் சிறுநீர் கூடுதலாக ஊறும் என்பது உடலியல் சொல்கிற விந்தை! குளிர்ச்சி மட்டும் காரணம் இல்லை. தண்ணீரின் அழுத்தம் காலில் இருக்கிற ரத்தத்தை மார்புக்கு ஏற்றுகிறது. 'அடடா, உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது' என்று இதயம் ஏமாந்து சிறுநீரகத்துக்குச் சேதி அனுப்புகிறது. சிறுநீரகம் மடையைத் திறக்கிறது.

இதே ஏமாற்று விண்வெளியிலும் நடக்கிறது என்பதுதான் உச்சம்! எடையற்ற நிலையிலும் ரத்தம் மார்புக்கு ஏறும். அதனால்தான் 1960-களில் நாசா ஆட்களைத் தண்ணீரில் மூழ்கவைத்து எடையற்ற நிலையைப் பூமியிலேயே ஒத்திகை பார்த்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புகிறது. இந்தப் பக்கம் பழவேற்காட்டுப் பெண் தண்ணீருக்குள் கிடக்கிறார். இரண்டு இடத்திலும் உடம்புக்கு ஒரே கணக்கு. இன்னொன்றும் கேளுங்கள். பூமியில் சிறுநீர் பையின் அடியில் தேங்கி எடையால் அழுத்துவதால் நமக்கு உணர்வு வருகிறது. விண்வெளியில் எடை இல்லையே! பை நிரம்பி வழியும் நிலை வரும்வரை பலருக்குத் தெரிவதே இல்லை. எனவே அங்கே ஒன்றுக்குப் போவது கடிகாரம் பார்த்து. மலச்சிக்கலும் விண்வெளிப் பயணிகளுக்குப் பழைய தோழன். 1961 மே 5-ஆம் தேதி விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்டுக்கு, ஏவுதல் மணிக்கணக்கில் தள்ளிப்போனதால் உடைக்குள்ளேயே ஒன்றுக்குப் போகவேண்டி வந்தது. அவர் பறந்ததென்னவோ கால் மணி நேரம்தான்!

ஷெப்பர்டுக்கு அது ஒரு நாள். மீன்கூடையோடு விடியற்காலையில் கிளம்புகிற பெண்ணுக்கு அது தினசரி. சந்தையில் ஒதுங்க இடமில்லை, இருந்தாலும் தண்ணீர் இருக்காது, கடையை விட்டுப் போனால் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எனவே அடக்குகிறார்; அடக்குவதற்காகக் குடிக்காமல் இருக்கிறார். 'ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்காதே' என்று பழமொழி சொல்லி வைத்த ஊர் இது. சித்த மருத்துவம் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று பட்டியலே போட்டு, மலத்தையும் சிறுநீரையும் அதில் சேர்த்தது. பழமொழி இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, கழிப்பறைதான் இல்லை! கோழிக்கோட்டின் துணிக்கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்று சங்கம் வைத்துக் கழிப்பறைக்கும் உட்காரும் உரிமைக்கும் போராடினார்கள். கேரளம் 2018-ல் சட்டம் திருத்தியது, தமிழ்நாடு 2021-ல் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. ரொம்ப நல்லது. ஆனால் தரையில் பலகை போட்டு மீன் விற்கிறவர் எந்த முதலாளியிடம் போய்க் கேட்பார்?

சாப்பாட்டுக்கு வருவோம். மீனில் நார்ச்சத்து எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்! வஞ்சிரம் ஆனாலும் சரி, மடவை ஆனாலும் சரி, நண்டு, இறால் எதுவானாலும் சரி, உடம்பை வளர்க்கிற புரதம் உண்டு, குடலைத் தள்ளுகிற நார் ஒரு இழைகூட இல்லை. பக்கத்தில் வெள்ளைச் சோறு, அதிலும் சொற்பம். நாளுக்கு 25 கிராமாவது நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மீன் குழம்புக்குப் பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல் ஒரு கரண்டி, காலையில் கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் ஒரு கொய்யா என்று சேர்ந்தால் கதையே வேறு. 100 கிராம் கொய்யாவிலேயே 5 கிராமுக்கு மேல் நார். தை மாதம் வந்தால் பனங்கிழங்கு இருக்கவே இருக்கிறது. கடிக்கும்போதே நார் பல்லில் சிக்கும்! ஒரே ஒரு எச்சரிக்கை: தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் கூட்டினால் அது சிமெண்டாகும். நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போகிற அளவுக்கு இருந்தால் போதும். இதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டவேண்டாம்.

இன்னொரு இலவச மருந்து: சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு பெருங்குடலைத் தட்டி எழுப்பும். காலையில் அந்தத் தட்டல் பலம். காபி குடித்ததும் சிலர் ஓடுவது இதனால்தான். அந்த நேரத்தை விட்டுவிடாமல் தினமும் போய் உட்கார்ந்து பழக்கினால் ஓய்ந்த மணி மறுபடி அடிக்கும்.

உலகம் முழுக்க மருந்துக்கடைகளில் விற்கிற ஒரு மலமிளக்கிக்கு நம் திருநெல்வேலியின் பெயர் இருக்கிறது, தெரியுமா? நிலாவரை! 'டின்னவெல்லி சென்னா' என்றுதான் வெளிநாட்டு மருந்து நூல்களிலேயே அச்சாகியிருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போய், பெயர் தெரியாத எத்தனையோ வெள்ளைக்காரர்களின் காலைப்பொழுதைக் காப்பாற்றிய இலை. ஆனால் இது குடலைச் சாட்டையால் அடிக்கிற வகை. தானாக வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிற சமாசாரம் இல்லை. இசப்கோல் வேறு ரகம், தண்ணீரை இழுத்து ஊறி மலத்தை மெத்தென்று ஆக்கும். அதன் விதை பார்க்கக் குதிரைக் காது மாதிரி இருக்கிறதென்று பாரசீகர்கள் வைத்த பெயர் அது. இடுப்புத்தளத்தைச் சுருக்கி விடுகிற யோகப் பயிற்சிக்கு 'அசுவினி முத்திரை' என்று பெயர், அதுவும் குதிரைதான்! ஆக, பின்கட்டு வைத்தியம் இரண்டு குதிரை பூட்டிய வண்டி.

மாத்திரைகளின் கூத்தும் உண்டு. கர்ப்பிணிக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும். கர்ப்பமே குடலை மந்தமாக்கும். மேலே இருந்து குழந்தையின் எடை வேறு. மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஆனால் இறுகுகிறது என்று செவிலியரிடம் சொல்லுங்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் இறுக்கும். எல்லாவற்றையும் மிஞ்சுகிற வேடிக்கை என்ன தெரியுமா? அவசரமாக ஒன்றுக்கு வருவதை அடக்கக் கொடுக்கிற மருந்துகள் சிலவற்றின் பிரதான பக்கவிளைவுகளில் ஒன்றே மலச்சிக்கல்தான்! முன்வாசலைச் சாத்தப்போய்ப் பின்வாசலை அடைக்கிற கதை. இதனால்தான் முதலில் குடலைச் சரிசெய்யுங்கள், அப்புறம் மாத்திரை பற்றிப் பேசலாம் என்கிறார்கள் விஷயம் தெரிந்த மருத்துவர்கள்.

காசே செலவில்லாத பயிற்சிக்கு 1948-ல் உலகப் புகழ் தேடித் தந்தவர் அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பே மார்கரெட் மாரிஸ் என்ற பிரிட்டிஷ் நடனக்காரி இதைச் சொல்லியிருந்தார், பெயர் என்னவோ கெகலுக்குப் போய்விட்டது. காற்று பிரிவதை அடக்குவது மாதிரி ஆசனவாயையும், கூடவே சிறுநீரை நிறுத்துவது மாதிரி முன்பக்கத்தையும் சேர்த்து உள்ளே மேலே இழுங்கள். ஐந்தாறு விநாடி நிறுத்தி, அதே நேரம் முழுதாகத் தளர்த்துங்கள். வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். தும்மல், இருமல், எடை தூக்கலில் கசிகிற பெண்களில் இதைச் செய்தவர்களுக்குக் குணமாகிற வாய்ப்பு செய்யாதவர்களைவிட எட்டு மடங்கு என்று உலக ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் காக்ரேன் அமைப்பு சொன்னது. எட்டு மடங்கு! சிலருக்குத் தசை தளர்வதற்குப் பதில் இறுகிப்போய் இருக்கும், அவர்கள் முதலில் தளர்த்தக் கற்க வேண்டும். எனவே ஒரு தடவையாவது பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வது நல்லது.

கடைசியாக அக்காவின் தும்மலுக்கே ஒரு வித்தை. தும்மலோ இருமலோ வரப்போகிறது என்று தெரிந்த அந்த அரை நொடியில் தூளியை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு தும்ம வேண்டும், அவ்வளவுதான். மிச்சிகனில் வயது முதிர்ந்த பெண்கள் 27 பேருக்கு இதைக் கற்றுக்கொடுத்து 1998-ல் எழுதினார்கள். ஒரே வாரத்தில் நடுத்தர இருமலில் கசிவு கிட்டத்தட்ட முழுதாக நின்றது! முழங்காலை ஒட்டிக்கொள்கிறாரே அக்கா, பாதிக் கிணறு அவரே தாண்டிவிட்டார்.

வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாத இடங்களும் உண்டு. மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, எரிச்சலோடு காய்ச்சல், நாளெல்லாம் நிற்காமல் சொட்டுவது என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். கவட்டைப் பகுதி மரத்துப்போய், கால் வலுவிழந்து, திடீரென்று சிறுநீர் கட்டுப்படாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாள்கணக்கில் போகாத முதியவருக்குத் திடீரென்று தண்ணீராகப் போனால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். அடைப்பைச் சுற்றி வழிகிற நீராக இருக்கலாம். மற்றபடி பழவேற்காட்டிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடியே வருகிறார். முழங்கால் வலியைச் சொல்கிற அதே மூச்சில் இதையும் சொல்லலாம்.

அக்காவிடம் முருங்கைக்கீரை, தண்ணீர், தும்மல் வித்தை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி குடிக்கச் சொல்ற. குடிச்சா எங்க போவ?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை மீன் சந்தைக்குப் போகும்போது விலை கேட்பதற்கு முன்னால், அங்கே விற்கிற பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது, அதில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஊராட்சிக்கு ஒரு மனு எழுதிப் போடுங்கள்.